பெயர் நிற்க, பிடி தளர: ரஞ்சன்குடி வட்டாரத்திலிருந்து சோழர் வீழ்ச்சி

சோழப் பேரரசின் முடிவுக்கு 1279ஆம் ஆண்டைக் குறிப்பது வழக்கம். மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சி அத்துடன் நிற்கிறது. அரசமரபின் முடிவுக்கு அந்த ஆண்டு பொருந்தும். அதிகாரத்தின் முடிவுக்குப் பொருந்தாது. கங்கைகொண்ட சோழபுரத்தின் பிடி அதற்கு நூறாண்டு முன்பே தளரத் தொடங்கிவிட்டது. தளர்த்தியவர்கள் சோழன் பெயரையே தம் பட்டமாகச் சூடிக்கொண்டவர்கள் என்பதே என் வாதம்.

ஆறகழூரிலிருந்து மகதை நாட்டை ஆண்ட வாணர்களிடையே 'குலோத்துங்க சோழ வாணகோவரையன்' உண்டு. சம்புவராயர்களிலும் குலோத்துங்க சோழன் பெயர் தாங்கியவர் உண்டு. மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் இத்தகைய சிற்றரசர்கள் தமக்குள் நட்பு, பகை, படையுதவி பற்றி உடன்படிக்கை செய்து கல்லில் வெட்டினார்கள். வலிமையான மன்னன் அரியணையில் இருக்கும்போதே இது நடந்தது. ஆகவே, அவனுக்குப் பின் வந்த மூன்றாம் ராஜராஜனின் திறமைக்குறைவுக்கு வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி தரும் முக்கியத்துவத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பிற்காலச் சோழர் காலத்தில் காவிரிப் படுகையில் தனியார் நிலவுடைமை பெருகியதை ஆய்வாளர் நொபொரு கராஷிமா காட்டியிருக்கிறார். நோயின் வேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

திருவயிந்திபுரம் கல்வெட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். சிற்றரசனான காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கிறான். செய்தி கேட்டு போசள மன்னன் நரசிம்மன் படை அனுப்புகிறான். அவனுடைய தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) காடவன் ஊர்களை அழித்து, சோழனை மீட்கிறார்கள். இவ்வளவையும் சொல்லும் கல்வெட்டு எந்த ஆண்டுக் கணக்கில் தொடங்குகிறது? 'திரிபுவனச் சக்கரவர்த்தி' ராஜராஜனின் 15ஆவது ஆட்சியாண்டுக்கு எதிராமாண்டில், அதாவது அடுத்த ஆண்டில். சிறைப்பட்டு, அயலான் தயவில் மீண்டவன் மூன்று உலகுக்கும் சக்கரவர்த்தி! ஆட்சியாண்டுகளை மட்டும் வைத்துப் பேரரசின் பரப்பை வரைவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ரஞ்சன்குடி வட்டாரத்தில் இன்னொரு பேரரசுக்கும், முகலாயருக்கும், அதுவே நேர்ந்தது: பெயர் நின்றது, பிடி தளர்ந்தது. பெரம்பலூருக்கு வடக்கே, வாலிகண்டபுரத்தை அடுத்த ரஞ்சன்குடிக் கோட்டை, அடுக்கடுக்கான மதில்களோடு நவாப் காலத்தைச் சேர்ந்தது. 1751இல் பிரெஞ்சுத் துணையோடு சந்தா சாகிபும், ஆங்கிலேயத் துணையோடு முகமது அலியின் தரப்பும் இங்கே மோதின. இருவரும் கோரியது ஆர்க்காட்டு நவாப் பதவி. தில்லி முகலாயரின் பெயரால் மதிப்புப் பெற்ற பதவி. தில்லியின் கட்டளை இங்கே செல்லாது என்பது இருவருக்கும் தெரியும். கோட்டைத் தலைவனோ இரு தரப்போடும் பேசிக்கொண்டே, வெல்பவர் யார் என்று காத்திருந்தான். ஆங்கிலேயரின் கேப்டன் ஜிஞ்சனின் படை குலைந்து திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது.

அந்தக் கோட்டைத் தலைவனின் கணக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிற்றரசர்களின் கணக்குதான். இந்த வட்டாரத்துக் கோயில் கல்வெட்டுகளில் மன்னன் பெயரைப் படித்ததும் நின்றுவிடாமல், வரியை விட்டுக்கொடுத்தவன் யார், ஊர்க்காவலுக்கான பாடிகாவல் வரியைப் பெற்றவன் யார் என்று ஊர் ஊராகத் தொகுத்தால், சோழரின் பிடி எந்த ஊரில் எப்போது தளர்ந்தது என்பதை 1279ஐ விடத் துல்லியமாகச் சொல்லலாம்.