ஸ்டாலின்: ஒரு பேர் வந்த வழி

இன்னைக்கு ஒரே ஒரு பேரைப் பத்திப் பேசுவோம்: ஸ்டாலின்.

முதல் விஷயம், இது அந்த மனுஷனுக்கே அப்பா அம்மா வச்ச பேர் இல்லை. 1878-ல் ஜார்ஜியாவின் கோரி நகரத்தில் பிறந்தவரின் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ரஷ்ய மொழியில் 'ஸ்தால்' என்றால் எஃகு. அதிலிருந்து அவரே எடுத்துக்கிட்ட புனைபெயர்தான் ஸ்டாலின்.

1953 மார்ச் 1, சென்னையில் கருணாநிதிக்கு ஒரு மகன் பிறக்கிறார். மார்ச் 5, மாஸ்கோவில் ஸ்டாலின் இறக்கிறார். குழந்தைக்கு அந்தப் பேரே வந்துச்சு. ஹிட்லரைத் தோற்கடிச்ச தலைவர், உழைக்கிறவங்க நாடு என்று பலரும் நம்பின காலம் அது.

மூணே வருஷம். 1956-ல் குருஷேவ் கட்சி மாநாட்டிலேயே ஸ்டாலினின் கொடுமைகளை அடுக்கினார். 1957-ல் சொந்த மகள் ஸ்வெத்லானா அப்பா பேரை விட்டுட்டு அம்மாவின் குடும்பப் பேரான அல்லிலுயேவாவுக்கு மாறினார். 1961-ல் ஸ்டாலின்கிராட் நகரம் வோல்கோகிராட் ஆனது.

ஊர் பேரை ஒரு உத்தரவில் மாத்திடலாம். குழந்தை பேர் அப்படி இல்லை. வச்சவங்க ஒரு அர்த்தத்தில் வைக்கிறாங்க. வரலாறு வேற அர்த்தம் எழுதுது. சுமக்கிறவங்க வாழ்ந்து மூணாவதா ஒண்ணைச் சேர்க்கிறாங்க. தமிழ்நாட்டில் இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா, முதல்ல யாருக்கும் மாஸ்கோ ஞாபகம் வர்றதில்லையே!