கிளட்ச்சுக்கு ஒரு கை

சுத்துக்கேணின்னு சொன்னதும், வரலாறு படிக்கிறவங்களுக்குப் பிரெஞ்சுக்காரர் கசால் தோண்டிப் பார்த்த பெருங்கற்கால ஈமக்காடுதான் ஞாபகம் வரும். இன்னைக்கு அது இல்லை. அதே ஊர்ல எங்க சித்தப்பா ஓட்டுற டிராக்டரைப் பத்திப் பேசப்போறேன்.

சர்க்கரைப் புண்ணால் சித்தப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. செயற்கைக் கால் வந்தது. நடந்தார், வரப்புமேல கூட நடந்தார். டிராக்டர்ல ஏறினப்போதான் சிக்கல். இடது கால்தான் கிளட்ச் கால். பெடல் எவ்வளவு இறங்கியிருக்குன்னு ரப்பர் பாதத்துக்குத் தெரியாது. மெதுவா விடவேண்டிய இடத்துல சட்டுன்னு விட்டுடும், வண்டி துள்ளும். சேத்துல முன்சக்கரம் தூக்கினா என்ன ஆகும்னு ஓட்டுறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காலை மாத்தணுமா, வண்டியை மாத்தணுமா? நம்ம நாடு முதல்ல காலை மாத்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த வெளிநாட்டு மாதிரிக் கால்களுக்கு ஷூ போட்டாகணும். சேத்துல இறங்க முடியாது, குந்த முடியாது. 1968-ல ஜெய்ப்பூர்ல கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து அதைத் தீர்த்தாங்க. வெறுங்காலோட வயல்ல நிக்கிற மனுஷனை மனசுல வெச்சுச் செஞ்ச பாதம் அது. எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனா டிராக்டர் பெடலை யாரும் அப்போ யோசிக்கல.

அமெரிக்காவுல வேற வழியில போனாங்க. 1979-ல தண்டுவடம் பாதிச்ச ஒரு விவசாயி, டிராக்டர் ஓட்ட வழி இருக்கான்னு பர்டியூ பல்கலைக்கழக வேளாண் பொறியியல் துறையைக் கேட்டார். அங்கிருந்து ஆரம்பிச்ச வேலை, 1990-ம் வருஷ விவசாயச் சட்டத்துல இடம்பிடிச்சு, 1991-ல ‘அக்ரெபிலிட்டி’ங்கிற நாடு தழுவிய திட்டமாச்சு. ஆளைத் தூக்கி இருக்கையில உட்கார வைக்கிற லிஃப்ட், கையால அழுத்துற கிளட்ச், பிரேக் எல்லாம் அங்கே வழக்கத்துக்கு வந்தது.

பார்க்கப்போனா டிராக்டர் காரைவிடக் கைக்கு இணக்கமான வண்டி. ஆக்சிலரேட்டருக்குக் கை லீவர் உண்டு, ஹைட்ராலிக்குக்கும் லீவர்தான். “கால்தான்டா போச்சு, பாதி டிராக்டர் கையிலதான் ஓடுது”ன்னு சித்தப்பா சொன்னது சரியான கணக்கு. பக்கத்துப் பட்டறையில கிளட்ச் பெடல்மேல ஒரு இரும்புக் குழாயை நிமிர்த்தி வெல்டு வெச்சாங்க. முதல் குழாய் குட்டை, இழுக்கத் தோள் வலிச்சது. நீளமாக்கினாங்க, பாரம் குறைஞ்சது, ஆனா ரொம்ப தூரம் தள்ளவேண்டியதாச்சு.

உண்மையான சோதனை வரப்பு ஓரத்துல. திருப்பும்போது வலது கை கலப்பையைத் தூக்கணும், வலது கால் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிக்கணும், இடது கை ஸ்டீரிங்கை வளைக்கணும். அந்த நேரம் பார்த்து கிளட்ச்சும் தேவைப்பட்டா மூணாவது கை எங்கே இருக்கு? கடைசியில ஸ்டீரிங்ல ஒரு குமிழ் மாட்டினாங்க. ஒரே கையில சுத்தலாம். மடக்குறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கப் பழகிக்கிட்டார்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குன்னே பிரத்யேகமா வடிவமைச்ச வண்டியைத்தான் ஏத்துக்கிச்சு. இருக்கிற வண்டியை வெறுமனே மாத்தியமைச்சா போதாதுன்னு விளக்கத்துலேயே எழுதியிருந்தது. 2019 திருத்தம் அதை மாத்துச்சு. அனுமதியோட மாத்தியமைச்ச வண்டியும் செல்லும். நல்ல விஷயம். ஆனா அந்த வண்டி அந்த நபரால, அல்லது அவருக்காக மட்டுமே பயன்படணும்னு நிபந்தனை அப்படியே நிக்குது. இருசக்கர வண்டிக்கு இது பொருந்தலாம். டிராக்டரை அப்பா, புள்ள ரெண்டு பேரும் ஓட்டுவாங்க, ஊருக்கும் வாடகைக்கு உழும். இதை எழுதினவங்க டிராக்டரை நினைச்சுப் பார்த்திருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

அதனால எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. ரோட்டுல தம்பி ஓட்டிட்டு வர்றான். வயல் வந்ததும் இறங்கிக்கிறான். தாழ்வா ஒரு படி வெல்டு வெச்சிருக்கு. சித்தப்பா வலது காலை அதுல வெச்சு, கைப்பிடியைப் பிடிச்சு ஏறிக்கிறார். சாயங்காலம் வரப்போரம் நிறுத்திட்டு, தம்பிக்கு போன் போடுறார்.