பறவையிடம் முறையிட்ட மெட்டு

மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர் யாரிடமாவது ‘அனுபவம் புதுமை’ என்று ஆரம்பித்துப் பாருங்கள், மீதியை அவரே முணுமுணுப்பார். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்துப் பாட்டு அது. அதில் நாயகனாக அறிமுகமான ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர். நம்ம ஊர்ப் பிள்ளை நடித்த படம் என்ற பாசம் இங்கே கூடுதல்.

பாட்டில் துள்ளுவது புதுக்காதலின் மகிழ்ச்சி. ஆனால் அந்த மெட்டு துக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தது.

இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அதற்கு விதை எடுத்தது மெக்சிகோவின் ‘பெசாமே முச்சோ’விலிருந்து. 1940 வாக்கில் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்ற இளம் பியானோ கலைஞர் ஸ்பானிய மொழியில் எழுதியது. காதலன் கையைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம்தான் அதன் உயிர். அவருக்குத் தூண்டுதலாக இருந்தது ஸ்பெயினின் என்ரிக்கே கிரனாதோஸ் இயற்றிய பியானோ இசை. அதில் ஒரு பெண் தன் காதல் துயரை நைட்டிங்கேல் பறவையிடம் முறையிடுகிறாள்.

கிரனாதோஸின் முடிவை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 1916 மார்ச்சில் அவர் ஊர் திரும்பிய கப்பலை ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. மீட்புப் படகில் ஏற்றப்பட்டவர், தண்ணீரில் தத்தளித்த மனைவியைக் கண்டதும் மறுபடி கடலில் குதித்தார் என்பார்கள். இருவரும் திரும்பவில்லை.

1944இல் ஜிம்மி டோர்சி குழு பாடிய ‘பெசாமே முச்சோ’வின் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களை நினைத்து ஏங்கியவர்களின் பாட்டானது.

அதே போர் மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் வரவேயில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் லயன் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த பெண்களின் துக்கம் எந்த ஸ்பானியப் பாட்டுக்கும் குறைந்ததில்லை.

பறவையிடம் பேசிய அந்த ஸ்பானியப் பெண்ணின் முறையீடு இசைத்தாளில் ஏறியது, இசைத்தட்டில் பதிந்தது, கடல் தாண்டிக் கம்போங் ராஜா வரை வந்தது. நம் பாட்டிமார் அழுதது இந்த மலையிலிருந்து கீழே ஈப்போவுக்குக்கூட இறங்கவில்லை. பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் போய், கொழுந்து பறித்து, இரவில் பாடியதைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒப்பாரி தெரிந்த பாட்டி இருந்தால், இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யாருக்காகப் பாடினார் என்பதையும் கேட்டுப் பெயரோடு எழுதி வையுங்கள்.