மறுக்கப்பட்ட அனுமதியும் மாற்று வழிகளும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவக் கல்வியில் மகளிர்

மருத்துவக் கல்விக்கு அனுமதி வேண்டிப் பலமுறை விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்ட ஒருவர் அடுத்து யாது செய்வது என்ற வினா, பெரும்பாலும் அவருடைய மனவுறுதி பற்றிய வினாவாகவே நோக்கப்படுகின்றது. விடாமுயற்சியுடையோர் வெல்வர், தளர்ந்தோர் தோற்பர் என்று கூறி அமைந்துவிடுவது எளிது. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மருத்துவம் பயில முயன்ற மகளிரின் வரலாற்றை ஆராயுமிடத்து, இவ்விளக்கம் போதாதென்பது புலனாகும். அவர்களுள் எவரும் மனவுறுதியிற் குறைந்தவரல்லர். ஆயினும் மறுப்புக்குப் பின் அவர்கள் தெரிந்தெடுத்த வழிகள் வெவ்வேறானவை. அவ்வழிகளின் விளைவுகளும் வெவ்வேறானவை. எலிசபெத் பிளாக்வெல், எலிசபெத் கரெற், சோபியா ஜெக்ஸ்-பிளேக் ஆகிய மூவரையும் முதன்மையாகக் கொண்டு அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவருள் மூத்தவரான எலிசபெத் பிளாக்வெல் 1821இல் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரிற் பிறந்து, 1832இற் குடும்பத்தாருடன் அமெரிக்காவிற் குடியேறியவர். தென்மாநிலங்களில் ஆசிரியத் தொழில் புரிந்து பணஞ் சேர்த்து, மருத்துவர்களின் இல்லங்களிலே தங்கி அவர்களின் நூல்களைப் பயின்ற அவர், 1847இற் பிலடெல்பியாவை அடைந்து அந்நகரின் மருத்துவக் கல்லூரிகளை அணுகினார். அங்கும் நியூயோர்க்கிலும் மறுப்பே கிடைத்தது. ஆண்வேடம் பூண்டு பாரிஸ் நகரிற் கற்கலாம் என்ற அறிவுரையும் அவருக்கு வழங்கப்பட்டது. தாம் பெண் என்பதை மறைத்துப் பெறும் கல்வி தாம் கொண்ட நோக்கத்தையே தோற்கடித்துவிடும் எனக் கருதிய அவர் அதனை ஏற்கவில்லை. வடமாநிலங்களின் சிறிய கல்லூரிகளின் பட்டியலை எடுத்து, அவற்றுட் பன்னிரண்டினுக்கு விண்ணப்பங்களை அனுப்பினார்.

நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்த கல்லூரி அவ்விண்ணப்பத்தைத் தன் மாணவர்களின் முடிவுக்கு விட்டது. பேராசிரியர்கள் தாமாக மறுக்க விரும்பாது, மாணவர்கள் மறுப்பர் என எதிர்பார்த்தே அவ்வாறு செய்தனர். மாணவர்களோ இதனை வேடிக்கையெனக் கருதி ஒருமனதாக இசைவளித்தனர். அவ்வேடிக்கையின் பயனாக 1849 சனவரியில் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாக அவர் வெளியேறினார்.

இவ்வெற்றியின் இயல்பை அறிவதற்கு அவருடைய தங்கை எமிலி பிளாக்வெல்லின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். எமிலியும் மருத்துவம் பயில விழைந்தார். தமக்கைக்குப் பட்டமளித்த அதே ஜெனீவாக் கல்லூரி தங்கையை ஏற்க மறுத்துவிட்டது. 1852இற் சிக்காகோவின் றஷ் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஓராண்டின் பின் தொடர்ந்து பயில அனுமதிக்கவில்லை. ஈற்றில் 1854இற் கிளீவ்லாந்து நகரிலேயே அவர் பட்டம் பெற்றார். எனவே எலிசபெத் பிளாக்வெல்லுக்குத் திறந்த கதவு அவர் ஒருவருக்கே திறந்தது. விதியொன்றும் மாறவில்லை, தற்செயலாக ஓரிடத்தில் ஒருமுறை இசைவு கிடைத்தது, அவ்வளவே. வாயில்தோறும் சென்று தட்டுவோர் எங்கோ ஒரு வாயில் திறக்கக் காணலாம். ஆனால் அடுத்து வருபவர் மீண்டும் முதலாம் வாயிலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் என்பதற்கு இச்சகோதரியரின் அனுபவம் தக்க சான்றாகும். இதனை உணர்ந்தமையாலேயே இருவரும் நியூயோர்க்கில் 1857இல் மகளிருக்கும் சிறாருக்குமான வைத்தியசாலையொன்றையும், 1868இல் அதனோடிணைந்த மகளிர் மருத்துவக் கல்லூரியையும் நிறுவினர்.

பிரித்தானியாவின் நிலை இதனினும் சிக்கலானது. 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம், மருத்துவராகப் பதிவு செய்யப்படுவோர் அந்நாட்டின் பரீட்சைச் சபை ஒன்றிடமோ பல்கலைக்கழகம் ஒன்றிடமோ தகைமை பெற்றிருத்தல் வேண்டுமென விதித்தது. அச்சட்டத்திற் பெண்களை விலக்கும் சொல் எதுவும் இல்லை. ஆயின் தகைமை வழங்கும் அமைப்பு ஒவ்வொன்றும் பெண்களைப் பரீட்சைக்கு ஏற்க மறுத்தமையால், விலக்கு முழுமையாயிற்று. சட்டத்திற்கு முன்னரே அங்கு தொழில் புரிந்த வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு அளிக்கப்பட்ட சலுகையைக் கொண்டு பிளாக்வெல் மட்டும் 1859இற் பதிவு பெற்றார். அதன் பின்னர் வெளிநாட்டுப் பட்டம் பயன்படாதாயிற்று.

இச்சூழலிலேயே எலிசபெத் கரெற் தம் முயற்சியைத் தொடங்கினார். 1860இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் தாதியாகச் சேர்ந்து விரிவுரைகளுக்கும் செல்லத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் மாணவர்கள் அவருக்கெதிராக மனுச் சமர்ப்பிக்க, வெளியேற நேர்ந்தது. 1862இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவரை மறுத்தது. அதே ஆண்டிற் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழங்கப்பட்ட மாணவர் அனுமதிச் சீட்டுப் பின்னர் செல்லாதெனக் கூறப்பட்டது.

இவ்வளவின் பின் கரெற் செய்த காரியம் கூர்ந்து நோக்கற்பாலது. அவர் மேலும் மேலும் விண்ணப்பித்துக் கொண்டிருக்கவில்லை; விதிகளை வாசித்தார். மருந்தாளர் கழகம் என்ற பழைய அமைப்பும் பதிவுக்குரிய தகைமையை வழங்க வல்லது. அதன் சாசனம் உரிய பயிற்சி பெற்ற 'ஆட்கள்' அனைவரையும் பரீட்சிக்க வேண்டுமெனக் கூறியது, ஆடவரென வரையறுக்கவில்லை. வகுப்புகளில் இடமில்லாதபோது, அங்கீகாரம் பெற்ற விரிவுரையாளர்களிடம் தனிப்படப் பணங் கட்டிப் பாடங் கேட்டுச் சான்றிதழ்களைச் சேர்த்தார். கழகம் தயங்கியபோது அவருடைய தந்தையார் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தார். 1865இற் கரெற் பரீட்சையிற் சித்தியெய்திப் பதிவு பெறும் உரிமையை அடைந்தார். 1870இற் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தையும் பெற்றார்.

ஆனால் அவர் நுழைந்த இடைவெளியைக் கழகம் விரைவிலேயே அடைத்தது. தனிப்பட்ட முறையிற் பெற்ற பயிற்சி இனி ஏற்கப்படாது என விதி மாற்றப்பட்டது. பெண்களை ஏற்காத கல்லூரிகளிலேயே படித்திருக்க வேண்டும் என்று கூறுவது, பெண்களை ஏற்கோம் என்று நேரே கூறுவதற்கு ஒப்பாகும். 1865 முதல் 1877 வரை பன்னிரண்டு ஆண்டுகள் வேறெந்தப் பெண்ணும் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. கரெற்றின் நுண்ணறிவு போற்றத்தக்கது. எனினும் அதன் உடனடிப் பயன் ஒருவருக்கே கிட்டியது.

மூன்றாமவரான சோபியா ஜெக்ஸ்-பிளேக் 1867இல் ஹார்வார்டில் மறுக்கப்பட்டு, 1869இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தை அணுகினார். ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்பதே அங்கு முதலிற் கூறப்பட்ட காரணமாகும். அக்காரணத்தை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, பத்திரிகை வாயிலாகத் துணை தேடினார். ஐவராகச் சேர்ந்து அனுமதி பெற்றனர், பின்னர் எழுவராயினர். தனி வகுப்புகளுக்கு மிகுதியான கட்டணமும் செலுத்தினர். 1870இல் இரசாயனவியற் பரீட்சையிற் சிறப்பிடம் பெற்ற எடித் பீச்சி என்பாருக்கு உரிய புலமைப்பரிசில், அவர் பெண் என்பதனால் அவருக்குக் கீழ்நிலை பெற்ற ஆடவருக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 18ஆந் திகதி உடற்கூற்றுப் பரீட்சைக்குச் சென்ற அம்மகளிரை ஒரு கூட்டம் வழிமறித்துச் சேறு வீசிற்று. வைத்தியசாலைப் பயிற்சி மறுக்கப்பட்டது. பட்டத்தைக் கைவிடின் சான்றிதழ் தரலாம் எனப் பல்கலைக்கழகம் கூறியது. சட்டப்படி அச்சான்றிதழாற் பதிவு பெற முடியாது. வழக்கு நீதிமன்றத்தை அடைந்தது. 1873இல், பெண்களை அனுமதிக்கும் அதிகாரமே பல்கலைக்கழகத்துக்கு இருக்கவில்லை என நீதிபதிகளிற் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். நான்காண்டுக் கல்வி பயனற்றுப் போயிற்று.

இவ்விடத்திலேயே அடுத்த அடி பற்றிய விவாதம் பகிரங்கமாக எழுந்தது. அப்பொழுது திருமணத்தின் பின் கரெற் அண்டர்சன் என வழங்கிய கரெற், பெண்கள் வீண் போராட்டத்தை விடுத்துப் பாரிஸ் முதலிய இடங்களிற் சென்று கற்றுத் திரும்பி, திறமையால் மதிப்பைப் பெறுதல் நன்றென 1873இற் பத்திரிகையில் எழுதினார். ஜெக்ஸ்-பிளேக் இதனை மறுத்தார். வெளிநாட்டுப் பட்டம் பெற்றுத் திரும்புவோர் சட்டத்தின் முன் மருத்துவராகார். உரிமையை நாட்டினுள்ளேயே பெறுதல் வேண்டும் என்பது அவர் வாதம். இவ்விருவரிடையே எழுந்த கருத்து வேற்றுமையைத் துணிவுக்கும் அச்சத்துக்கும் இடைப்பட்டதாகக் கொள்ளுதல் தவறாகும். கரெற் அண்டர்சன் மறுப்பின் காரணம் மதிப்பின்மை என்று கண்டார். மதிப்பைப் பெறுவதே மருந்து என்றார். ஜெக்ஸ்-பிளேக் அதன் காரணம் சட்டம் என்று கண்டார். சட்டத்தை மாற்றுவதே மருந்து என்றார்.

1874 ஒக்டோபரில் ஜெக்ஸ்-பிளேக்கின் முயற்சியால் இலண்டன் மகளிர் மருத்துவக் கல்லூரி 14 மாணவியருடன் தொடங்கப்பெற்றது. முதலில் ஐயுற்ற கரெற் அண்டர்சனும் அதன் நிருவாகத்திற் பங்குகொண்டார். கல்லூரி இருந்தது, பரீட்சிக்கும் சபையோ, பயிற்சி தரும் வைத்தியசாலையோ இருக்கவில்லை. 1876இல் மூவர் அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் மகப்பேற்றியற் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது, அவர்களைப் பரீட்சிப்பதற்கு மாறாகப் பரீட்சகர்கள் யாவரும் பதவி துறந்தனர். அதே ஆண்டிற் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் பெண்களைப் பரீட்சிக்கும் அதிகாரத்தை எல்லா அமைப்புகளுக்கும் அளித்தது, கட்டாயப்படுத்தவில்லை. முதலில் அயர்லாந்தின் மருத்துவர் கல்லூரி முன்வந்தது. 1877இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலை மாணவியரை ஏற்றது. 1878இல், முன்னர் கரெற்றை மறுத்த இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது.

இவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதன்று. போராட்டச் சுமையின் நடுவே ஜெக்ஸ்-பிளேக் 1872இல் ஒரு பரீட்சையிற் தவறினார். 1877இலேயே சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் பட்டமும் டப்ளினில் உரிமமும் பெற்றார். எடின்பரோ எழுவருள் ஒருவரான இசபெல் தோர்ண் என்பாரின் முடிவு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர் தாம் மருத்துவராகும் விருப்பத்தையே கைவிட்டு, இலண்டன் கல்லூரியின் மதிப்புறு செயலாளராகப் பணியாற்றினார். தமக்குக் கிடையாத பட்டத்தைப் பிறர் பெறுவதற்கு அவர் உழைத்தார். தனிமனித வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இவரைத் தோற்றவர் எனக் கணிப்பர். அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த மருத்துவர்களின் தொகை அக்கணிப்பைப் பொய்யாக்கும்.

அக்கல்லூரியின் பயன் தமிழகத்தையும் எட்டியது குறிப்பிடத்தக்கது. சென்னை மருத்துவக் கல்லூரி, எடின்பரோ தன் பட்டங்களைப் பெண்களுக்கு வழங்க இசைந்த 1894ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னரே, 1875இல் நான்கு மாணவியரை அனுமதித்தது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லிப் 1878இற் சென்னையில் உரிமம் பெற்று, இலண்டன் மகளிர் கல்லூரியிற் பயின்று, 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். சென்னைக்குத் திரும்பிய அவர், ஆண் மருத்துவரை நாடாத பெண்களுக்கென 1885இல் வைத்தியசாலையொன்றை உருவாக்கினார். புலமைப்பரிசில் மறுக்கப்பட்ட எடித் பீச்சி 1883இற் பம்பாய் சென்று அங்குள்ள மகளிருக்கு மருத்துவப் பணி புரிந்தார். 1870இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1892இற் பெண்களுக்குத் திறக்கப்பட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, மறுப்புகள் யாவும் ஒருதன்மையன அல்ல என்பது தெளிவாகும். ஒரு நிறுவனத்தின் விருப்பமின்மையால் எழும் மறுப்புக்கு வேறொரு நிறுவனத்தை நாடுதல் விடையாகலாம். விதியின் வாசகத்தால் எழும் மறுப்புக்கு அவ்வாசகத்தை ஊன்றி வாசித்தல் விடையாகலாம். சட்டத்தாலும் அமைப்பாலும் எழும் மறுப்புக்கு ஒருவர் தனித்து எத்துணை முயன்றாலும் விடை கிடையாது. கூட்டு முயற்சியும் புதிய நிறுவனமும் அதற்கு வேண்டும். இன்ன மறுப்பு இன்னதென அறியாது மீண்டும் மீண்டும் அதே விண்ணப்பத்தை அனுப்புவது உறுதியாகத் தோன்றலாம். உண்மையில் அது காலத்தை இழப்பதாகவே முடியும்.

இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதிக்கென உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றி, மருத்துவபீடம் கிடையாது நிற்கும் மாணவரின் நிலை மேற்கூறிய மகளிரின் நிலையினின்றும் வேறானது. அம்மகளிர் தகைமை இருந்தும் பெண்கள் என்பதனால் விலக்கப்பட்டனர். இவர்களோ இடங்கள் குறைந்த போட்டியில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர். ஆயினும் அடுத்த அடியைத் தீர்மானிக்குமுன் மறுப்பின் காரணத்தைப் பகுத்தறிய வேண்டும் என்ற பாடம் இருசாராருக்கும் பொதுவானது. 2019இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் அவ்வெழுவருக்கும் மறைவின் பின் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. அவர்கள் அப்பட்டத்தை வேண்டி நின்று ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தது. அதற்காக அவர்கள் காத்திராமல் 1874இலே தமக்கெனக் கல்லூரி நிறுவியதே, அவர்களின் வரலாறு பின்வந்தோருக்கு விட்டுச்சென்ற பேறாகும்.