கோபுரத்திலிருந்து விழுந்த உருண்டைகள்

விழும் பொருள் சமமான காலப் பகுதிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தொலைவைக் கடக்கிறது என்று 1632-இல் கலிலேயோ எழுதினார். மறு ஆண்டே நம் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. அத்தண்டனை பூமி சுழல்கிறது என்றதற்காக. பூமி சுழல்வதை ஏற்காத இயேசு சபைக் குரு ரிச்சோலி, இத்தாலியின் போலோஞா நகரில் இந்த வீழ்ச்சி விதியையும் ஐயுற்றுச் சோதிக்க முனைந்தார். நொடியை அளக்க ஊசலே துணை. 1642-இல் சபைத் துறவியர் ஒன்பதின்மர் ஒரு முழு நாளும் அதன் அசைவுகளை எண்ணினர். நொடிக்கு ஒன்றாக 86,400 வரவேண்டியது, 87,998 வந்தது. எத்துணைப் பொறுமை! பின்னர் ஏறத்தாழ 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லிக் கோபுரத்திலிருந்து உருண்டைகள் பலமுறை விழுந்தன. கணக்கு கலிலேயோவின் பக்கமே நின்றது. ரிச்சோலி அதை மறைக்கவில்லை; கலிலேயோவின் மாணவராயிருந்த பேராசிரியர் கவலியேரியிடம் நேரில் சென்று தெரிவித்தார். 1651-இல் வெளிவந்த தம் நூலிலும் எழுதிவைத்தார்.