பாலத்தின் அக்கரையில் சட்டம்

பாலுறவை விற்பவரை விடுத்து வாங்குபவரை மட்டும் குற்றவாளியாக்கும் சட்டம் சுவீடனில் 1999 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அண்டை நாடான டென்மார்க் பாலியல் தொழிலைக் குற்றமல்லவென ஆக்கியது. 2000 ஜூலையில் ஓரெசுண்ட் பாலம் திறந்தபின், மால்மோவிலிருந்து கோபன்ஹேகன் செல்ல ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை.

அயல்நாட்டில் நிகழ்ந்த செயலுக்குச் சுவீடன் தன் குடிமகனைத் தண்டிக்க வேண்டுமெனில், பொதுவாக அச்செயல் அங்கும் குற்றமாயிருத்தல் வேண்டும். ஆகவே பாலத்தைக் கடந்த வாடிக்கையாளர் சட்டத்தையும் கடந்தவரானார். 2009இல் நடைமுறைக்கு வந்த நார்வேயின் சட்டம் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது: நார்வே குடிமகன் எந்நாட்டில் வாங்கினும் குற்றமே. ஆயினும் ஓஸ்லோ காவலர் கோபன்ஹேகன் தெருவில் வேவு பார்க்க இயலாது. டென்மார்க் காவலருக்கோ விசாரிக்கக் குற்றமே இல்லை. கையும் களவுமாகப் பிடிப்பதைப் பெரிதும் நம்பியிருக்கும் சட்டத்துக்கு இது சிறு குறையன்று.

விற்பவரின் நிலை வேறு. நேர்மையான வழியில் பிழைக்கமாட்டார் எனக் கருதப்படும் அயல்நாட்டவரைத் திருப்பியனுப்பச் சுவீடனின் அயல்நாட்டவர் சட்டம் இடமளிக்கிறது. பாலியல் தொழில் செய்த பெண்கள் அதன்கீழ் வெளியேற்றப்பட்டுள்ளனர். ஒரு சட்டம் குற்றமற்றவர் என விடுத்தவரையே மற்றொரு சட்டம் எல்லைக்கு வெளியே தள்ளியது. 2015 நவம்பரில் டென்மார்க்கிலிருந்து வருவோரைச் சோதிக்கும் வழக்கம் மீண்டபோதும், அது அகதிகளின் வருகையை முன்னிட்டே வந்தது. ஊர் திரும்பும் வாடிக்கையாளரிடம் கேட்பதற்குக் காவலரிடம் கேள்வியும் இல்லை, சட்டமும் இல்லை.