புளித்த பீப்பாய்களின் வரலாறு

சுண்ணாம்பு தடவிய முட்டியிலே விழுந்த பனஞ்சாறு கருப்பநீராக இனித்துக் கிடக்கும். சுண்ணாம்பு தடவாத முட்டியிலே விழுந்தது சில மணி நேரத்துள் நுரைத்துக் கள்ளாகும். அதனையும் நாட்கணக்கில் விட்டுவைத்தால் வினாகிரியாகப் புளித்துவிடும். இக்கள்ளிலே சிறிது எடுத்து அப்பமாவிற் கலந்து இரவு முழுதும் பொங்கவிடும் வழக்கத்தை நேயர்கள் நன்கு அறிவர். சில நாட்களில் மா பொங்குவதில்லை. சில நாட்களில் வேண்டாத புளிப்பு ஏறிவிடுகின்றது. அன்று அரிசியைக் குறை கூறுவோம், கள்ளைக் குறை கூறுவோம், மழைக்காலத்துக் குளிரையும் குறை கூறுவோம். எது மெய்யான காரணம் என்பதைக் கண்டறிவது எளிதன்று. இதே மயக்கத்திலே ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தடுமாறிய கதையையும், அத்தடுமாற்றம் தீர்ந்த விதத்தையுமே இன்று கூற விரும்புகின்றேன். மது அருந்துவது தகுமா, தகாதா என்ற வழக்கு வேறு. அதனை இப்பேச்சிலே நான் எடுக்கப் போவதில்லை.

ஐரோப்பாவின் வடபகுதியிலே பியர் என்பது நெடுங்காலம் வீட்டுச் சமையலோடு சேர்ந்த பண்டமாகவே இருந்தது. வாற்கோதுமையை நனைத்து முளைக்கவிட்டு, உலர்த்தி, இடித்து, சுடுநீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு வடிப்பர். ஹொப் என்னும் கொடியின் கைப்பான பூக்களை இட்டுக் கொதிக்கவைத்து ஆற்றுவர். பின்னர், முன்னைய காய்ச்சலிலே எடுத்துவைத்த நுரையையோ வண்டலையோ அதனுடன் கலப்பர். இந்த வண்டலே மதுவம் என நாம் இன்று வழங்கும் பொருள். பவேரியா நாட்டிலே 1516ஆம் ஆண்டு பிறந்த சட்டம், வாற்கோதுமை, ஹொப், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பியரிற் சேரலாகாது என்று விதித்தது. மதுவத்தின் பெயரே அதில் இல்லை! இங்கிலாந்திலோ அந்நுரையைக் ‘கடவுள் நல்லவர்’ என்று பொருள்படும் ஒரு சொல்லால் வழங்கினர். காரணம் தெரியாதவிடத்துக் கடவுளை அழைப்பது எல்லா நாட்டிற்கும் பொதுவான பண்பு போலும்.

ஆயினும் அம்மக்கள் அறிவிலிகள் அல்லர். கோடையிலே வடித்த பியர் கெடுகின்றது என்று கண்டு, ஏப்பிரில் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் இறுதி வரை பியர் வடித்தலை 1553இல் பவேரியர் தடைசெய்தனர். நோர்வே நாட்டின் மேற்குப் பகுதி உழவர்களின் முறை இன்னும் சுவையானது. சிறு மரத்துண்டுகளைக் கோத்து வளையமாக்கி, நொதிக்கும் பியரிலே தோய்த்து, உலர்த்தித் தொங்கவிடுவர். அடுத்த முறை அவ்வளையத்தைச் சாற்றிலே இட்டால் நொதித்தல் தொடங்கிவிடும். தம் வீட்டு மதுவம் கெட்டுவிட்டதென ஐயம் தோன்றினால், அயல்வீட்டாரிடம் சென்று அவர்களுடையதைக் கேட்டு வாங்குவர். காரணம் தெரியாமலே சரியான பரிகாரம் கண்ட இவ்வுழவர்களை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

மதுவத்தின் உருண்டை வடிவான துகள்களை 1680இலேயே ஒல்லாந்தரான லேவன்ஹூக் தமது வில்லையினூடே கண்டார். அவை உயிருள்ளன என்று 1837ஆம் ஆண்டளவில் பிரான்சிலே கன்யார்-லத்தூர், ஜெர்மனியிலே சுவான், கியூற்சிங் ஆகிய மூவர் தனித்தனியே கூறினர். அக்காலத்து இரசாயன மேதைகளான வோலரும் லீபிக்கும் இதனைக் கேட்டு நகைத்தனர். 1839இலே, தம் சஞ்சிகையில் ஒரு நையாண்டிக் கட்டுரையையும் பெயரின்றி வெளியிட்டனர். மதுவம் என்பது ஒரு குட்டி விலங்காம். அது சீனியைத் தின்று உடம்பின் ஒரு வழியால் மதுசாரத்தையும் மற்றொரு வழியால் காபனீரொட்சைட்டையும் கழிக்கின்றதாம். வானொலிக்கு ஏற்ற அளவுக்கு இதனைச் சுருக்கியே கூறினேன். கேலியாகக் கூறியது பெரும்பாலும் உண்மையாகவே முடிந்தது.

1856இலே, பிரான்சின் வடபகுதியான லில் நகரிலே, பிகோ என்னும் ஆலை உரிமையாளர் லூயி பாஸ்ரரிடம் வந்தார். பாஸ்ரர் அங்கு விஞ்ஞானப் பீடத்தின் தலைவர். பிகோவின் மகன் அவருடைய மாணவன். பீற்கிழங்குச் சாற்றை நொதிக்கவைத்து மதுசாரம் எடுக்கும் அவ்வாலையிலே, தொட்டிகள் சில காரணமின்றிப் புளித்துப் பெருநட்டம் விளைந்தது. பாஸ்ரர் ஆலைக்குச் சென்று நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சாறு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஒப்பிட்டார். நல்லதிலே உருண்டையான மதுவக் கலங்கள். புளித்ததிலோ அவற்றினும் மிகச் சிறிய, நீண்ட உருவங்கள். மதுவம் மதுசாரத்தை ஆக்க, இவ்வேற்றுயிர்கள் புளிப்பமிலத்தை ஆக்கின. பால் தயிராவதும் இவற்றின் இனத்தாலேயே. அடுத்த ஆண்டிலே பாஸ்ரர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார்.

1871இலே ஜெர்மனியிடம் பிரான்சு தோற்ற பின், ஜெர்மானியப் பியரை வெல்லும் பியரைப் பிரான்சு வடிக்கவேண்டும் என்ற வைராக்கியத்தோடு அவர் இவ்வாராய்ச்சிக்கு மீண்டார். அவ்வாண்டு செப்டெம்பரிலே இலண்டன் சென்று விட்பிரெட் என்னும் பேராலையைப் பார்வையிட்டார். அங்கு வடித்த கருநிறப் பியரின் மதுவத்தைச் சிறிது கேட்டு வாங்கி நுணுக்குக்காட்டியில் நோக்கினார்; நோக்கியதும், இப்பியர் சுவை குன்றியதாக இருக்குமே என்றார். ஆலையார் திகைத்தனர். அன்று காலையிலேதான் வேறோர் ஆலையிலிருந்து புதிய மதுவம் தருவித்ததை ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்தின் பின் அவர் மீண்டும் சென்றபோது அவ்வாலை ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கியிருந்தது. 1876இலே பாஸ்ரர் வெளியிட்ட பியர் பற்றிய பெருநூலிலே, கெட்ட பியரை ‘நோயுற்ற பியர்’ என்றே குறிக்கின்றார். இச்சொல் வெறும் அணியன்று. புண்கள் சீழ்ப்பிடிப்பதற்கும் இத்தகைய நுண்ணுயிர்களே காரணமாகலாம் என்று, பாஸ்ரரின் நொதித்தற் கட்டுரைகளைப் படித்த லிஸ்டர் என்னும் சத்திர வைத்தியர் கருதினார். 1867இலே தமது கிருமிநீக்க முறையை உலகிற்கு அளித்தார்.

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினர். முடியவில்லை.

டென்மார்க்கிலே கார்ல்ஸ்பேர்க் ஆலையை 1847இலே நிறுவிய யாக்கோப்சன், முதலில் தம் தாயாரின் துணி அவிக்கும் செப்புக் கொப்பரையிலே பியர் வடித்துப் பழகியவர். 1845இலே மியூனிச் நகரிலிருந்து நல்ல மதுவத்தைப் பெற்று, குதிரை வண்டி நின்ற இடந்தோறும் அதன்மீது குளிர்ந்த நீர் ஊற்றிக் காத்து, கொப்பன்கேகன் கொண்டுவந்தார் என்பர். பாஸ்ரரிடம் பெருமதிப்புடையவர், துப்புரவிலே குறைவைக்காதவர். அவருடைய ஆலையிலேயே 1883இல் பியர் கைத்தது. தீய நாற்றமும் எழுந்தது.

ஆலையின் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹன்சன் ஆராய்ந்தார். அந்நிய உயிரைத் தேடுவது பாஸ்ரர் காட்டிய வழி. ஆனால் இங்கே குற்றவாளியும் மதுவமே. நல்ல மதுவமும் கெட்ட மதுவமும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஏறக்குறைய ஒரே தோற்றத்தன. ஒரு வகுப்பிலே இரட்டைப் பிள்ளைகள் இருந்தால், குறும்பு செய்தவன் எவன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? தனித்தனியே வைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது. ஹன்சன் செய்ததும் அதுவே. மதுவத்தை நீரிலே மேன்மேலும் ஐதாக்கி, ஒரு குடுவைக்கு ஒரு கலம் கூடக் கிட்டாத அளவுக்குப் பிரித்து, குடுவைகளை அசையாது வைத்தார். எக்குடுவையிலே ஒரேயொரு வெண்புள்ளி வளர்ந்ததோ, அது ஒற்றைக் கலத்தின் சந்ததி. அவ்வாறு பெற்ற இனங்கள் நான்கு. ஒவ்வொன்றாலும் தனியே பியர் வடித்துச் சுவைத்தபோது, ஒன்றே பழைய நற்பியரைத் தந்தது. கைப்பைத் தந்த காட்டு மதுவத்தின் பெயரோ, முன்னரே பாஸ்ரரின் நினைவாக இடப்பட்டிருந்தது! மதுவத்தைத் தூய்மையாக்கப் பாஸ்ரர் பரிந்துரைத்த தாத்தாரிக்கமில முறை காட்டு மதுவங்களுக்கே வாய்ப்பளித்தது என்பதையும் ஹன்சன் காட்டினார்.

யாக்கோப்சன் முதலில் நம்பவில்லை. எனினும் 1883 நவம்பரிலே ஆலையில் அத்தூய மதுவம் பயன்பட்டது, நோய் நீங்கியது. பின்னர் அம்மதுவத்தை மறைத்துவைக்காது, கேட்ட ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகவே வழங்கினர். ஆய்வுகூடத்தின் பயனுள்ள முடிவு எதனையும் இரகசியமாக வைத்தல் ஆகாது என்பது யாக்கோப்சன் இட்ட விதி. வணிகர் ஒருவர் இவ்வாறு விதித்தது எனக்கு இன்றும் வியப்பே.

தூய மதுவத்தை ஏற்ற ஆங்கில ஆலைகளிலே வேறொரு முறைப்பாடு எழுந்தது. நெடுநாள் பீப்பாயிற் கிடந்து முதிரும் அவர்களுடைய பழம்பியருக்குரிய மணம் வரவில்லை. அதே கார்ல்ஸ்பேர்க்கின் ஆராய்ச்சியாளரான கிளோசன் 1904இலே காரணத்தை வெளியிட்டார். அந்த மணத்தைத் தந்தது, முதல் நொதித்தல் ஓய்ந்த பின் மெல்லத் தொழிற்படும் மற்றொரு மதுவம். பிரித்தானியாவின் பெயராலேயே அதற்குப் ‘பிரெற்றனோமைசிஸ்’ என்று பெயரிட்டார். பிற ஆலைகள் பல இன்றும் அதனைக் கெடுதி என்று விரட்டுகின்றன. பெல்ஜியத்திலே புரூசெல்சு நகரைச் சூழ்ந்த ஆலையினரோ, கொதித்த சாற்றை அகன்ற திறந்த தொட்டியிலே இரவு முழுதும் குளிரவிட்டு, காற்றோடு வரும் உயிர்களை வரவேற்றுப் பீப்பாயில் அடைத்துவைக்கின்றனர்.